டாங்க்கின் அடியில் ஒரு மேடு

பரீதாவின் கனவில் முட்கள் வரும். வெள்ளை முட்கள், ஆரஞ்சு முட்கள். படுத்திருந்த இடத்திலிருந்து எல்லாம் ஒன்றாக எழும். வலப்பக்கம் போய்ச் சாய்ந்து நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிப் படுத்துக்கொள்ளும். சத்தம் இருக்காது. கனவில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணைத் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அவை எழுந்து படுத்துக்கொண்டிருக்கும்.

பாண்டி மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையில் இது தினமும் நடந்தது. வண்டிகளின் டேஷ்போர்டில் வைக்கும் மீட்டர்களை அங்கே செய்தார்கள். நீண்ட மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பரீதாவிடம் வந்து சேர்வது பெட்ரோல் கேஜ். அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிமுனையில் முள்ளை அழுத்திப் பொருத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் முள் உராயும். குறைவாக அழுத்தினால் குலுங்கலில் கழன்று விழும். அந்த அழுத்தம் அவள் கட்டைவிரலில் இருந்தது. கடைசியில் சோதனை மேஜை. ஸ்விட்சைப் போட்டதும் மேஜை முழுக்க முட்கள் எழும். வேகமானியின் முள் துள்ளிக்கொண்டு போகும். பெட்ரோல் முள் மட்டும் மெதுவாக எழும். வண்டி குலுங்கும்போது அது குலுங்கக் கூடாது என்று உள்ளே ஒரு துளி கெட்டியான எண்ணெய் வைத்திருந்தார்கள். பரீதாவுக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போனது. அவள் போகவில்லை. ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையில், அவள் கணவன் அக்பர் அலி கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தான். அதன் பின்பாதியில் ஒரு மேஜை போட்டுக்கொண்டாள். சீட்டுக்கு வந்தவர்கள் மீட்டரைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு மீட்டருக்கென்றே வந்தார்கள். இப்போது டிரைவர்கள் நடுவே அவளுக்குப் பெயர் மீட்டரம்மா.

அக்பர் அலி வாடிக்கையாளர்களிடம் சொல்வான். “நான் தைக்கிற சீட்டுல உக்காந்தா ஊருக்கே தூக்கம் வரும். இவளுக்கு முள்ளப் பாத்தாப் போதும்.”

“தூங்கலிங்க. பாத்துக்கிட்டிருக்கேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“மூடிக்கிட்டுதான்.”

அவள் வேலை செய்யும் முறை வண்டியின் பின்னாலிருந்து தொடங்கும். பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லையென்றால் பிழை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: முன்னால் மீட்டரில், நடுவில் ஒயரில், பின்னால் டாங்க்குக்குள். டாங்க்கின் தலையில் செருகியிருக்கும் ஒயரைப் பிடுங்குவாள். அதை வண்டியின் இரும்பில் தொடுவாள். முள் நிறைவைக் காட்டும் எஃப் எழுத்துவரை போக வேண்டும். ஒயரை எடுத்தால் முள் காலியைக் காட்டும் ஈ எழுத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை. மிச்சம் இருப்பது டாங்க்குக்குள் கிடக்கும் மிதவை. மெலிந்த கம்பி ஒன்றின் முனையில் அது மிதக்கும். பெட்ரோல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு சின்னத் தகட்டைத் தடவிக்கொண்டே போகும். முன்னால் இருக்கும் முள் அந்தத் தடவலைக் கேட்டு நகர்கிறது.

பழைய தகடுகளை அவள் தூக்கிப் போடுவதில்லை. வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். கீறல் எங்கே ஆழமாக இருக்கிறதோ அங்கேதான் அந்த வண்டி அதிக நாள் வாழ்ந்தது. பாண்டி வண்டிகளுக்குக் கீறல் மேல்பாதியில் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை கூட என்பதால் ஊரைத் தாண்டுமுன் டாங்க்கை நிரப்புவது இங்கே கைப்பழக்கம். சட்டைப் பொத்தானைப் போடுவது மாதிரி. அந்தப் பக்கத்து வண்டிகள் காற்றைக் குடித்துக்கொண்டு எல்லையோரத்துக் கோரிமேட்டுக்கு வந்து சேரும். அவற்றின் கீறல் கீழே இருக்கும்.

டாங்க்குக்குள் எப்படி இருக்கும் என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். இருட்டான ஒரு குளம். கரைகள் இரும்பு. மீன் கிடையாது, பாசி கிடையாது. ஒரேயொரு மிதவை, யாருக்கும் தெரியாமல், ஊரின் மேடு பள்ளங்களுக்கெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்.

கோவிந்தராசு வேனைக் கொண்டுவந்த காலையில் வெளியே மழை வரும்போல இருந்து வராமல் போயிற்று. பக்கத்துத் தெருவில் வீடு. சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் வேன். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடும் வேன் அது. ஓட்டுவது கலியமூர்த்தி என்கிற டிரைவர். அன்று கலியமூர்த்தி வரவில்லை. கோவிந்தராசுவே ஓட்டி வந்திருந்தார்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. டாங்க் நிறைந்திருந்தது. பரீதா ஒயரைத் தொட்டாள், எடுத்தாள். முள் போனது, வந்தது. ஒயரை மறுபடி செருகியதும் எஃப்பில் போய் நின்றது. நிறைந்த டாங்க்குக்கு நிறைந்த முள். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாருக்குண்ணே.”

“தெளிவா சொல்லும்மா. மீட்டர்ல ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்ல.”

வாங்க வந்ததை வாங்கிக்கொண்டவர் போல அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. பிறகு மறந்துவிட்டாள்.

கலியமூர்த்தி அந்த வாரத்தின் நடுவில் வந்தான். பஸ்ஸில் வந்து இறங்கி, கடை வாசலில் அக்பர் அலியின் ரெக்சின் சுருள்களுக்குப் பக்கத்தில் நின்றான். ஐம்பது வயதுக்காரன். விவசாயக் குடும்பம், நிலம் கொஞ்சம் உண்டு, வேன் ஓட்டுவதுதான் வாழ்க்கை. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

நடந்ததை நிதானமாகச் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கோவிந்தராசு தன் கையால் டாங்க்கை நிரப்புவார். அதுதான் வாரம் முழுவதற்கும். அந்தப் பக்கத்து பங்க்கில் ஒரு சொட்டு போடக் கூடாது. ராத்திரி வேன் அவர் வீட்டு வாசலில் நிற்கும். படுக்கப் போகுமுன் சாவியைத் திருப்பி முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் போவார். கொஞ்ச நாளாக வாரக் கடைசியில் முள் கால் கோட்டில் நிற்கும். கால் டாங்க் இருந்தால் வெள்ளி மத்தியானம்வரை வண்டி தாராளமாக ஓட வேண்டும். ஆனால் அதற்கு முன்பே பாதி வழியில் நின்றுவிடும். ஒருமுறை நடந்தது. மறுமுறை டயாலிசிஸ் முடித்துக்கொண்டு திரும்பிய ஆயம்மா என்கிற நோயாளி வண்டிக்குள் இருந்தாள். நிழலில்லாத ரோட்டில் அவள் சாய்ந்தபடி கிடந்தாள்.

கோவிந்தராசு கோரிமேட்டு டீக்கடையில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் கேட்டார். கால் டாங்க் பெட்ரோல் எங்கே போயிற்று. பாண்டி பெட்ரோலை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கேனில் விற்கிற ஆட்கள் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். அவர் அதை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றோடு கலியமூர்த்தி வேன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

“திருடன்னு அவரு சொல்லலம்மா” என்றான் கலியமூர்த்தி. “மீட்டர் சொல்லுதுன்னு சொன்னாரு. மறுநா, மீட்டர் சரியா இருக்குன்னு மீட்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னு சொன்னாரு. நீங்கதான அது?”

தையல் மெஷின் நின்றது. அக்பர் அலி திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

“நான்தான்” என்றாள் பரீதா.

அவன் கோபப்படவில்லை. வேறொன்றைச் சொன்னான். டீக்கடை கன்னியப்பன் முன்பெல்லாம் வேன் நிற்பதைப் பார்த்ததும் டீயை ஆற்றத் தொடங்கிவிடுவான். “இப்பவும் கேட்டா குடுக்கறான். கேட்டாதான் குடுக்கறான்.” அதைச் சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு வண்டி கிடைக்கும். ஆனால் அதே கோரிமேட்டில்தான் போய் நிற்க வேண்டும், அதே ஆட்கள்தான் ஏறுவார்கள். ஏறும்போது பின்னால் கேன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவன் போன பிறகு பரீதா ஒரு பழைய மிதவையைக் கையில் எடுத்துக்கொண்டு, சீட்டில்லாமல் கிடந்த ஒரு காரின் நிழலில் உட்கார்ந்தாள். மிதவையை மேலே தூக்கினாள். மெதுவாக இறக்கினாள். மேலே, நிறைந்த டாங்க்கில், எல்லாம் சரி. ஒயரைத் தொட்டது சரி, எடுத்தது சரி. கீழே என்ன நடக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. எந்தப் பாண்டி வண்டியும் கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்குக் காட்டியதில்லை. நிறைந்த வயிற்றோடு வரும், நிறைந்த வயிற்றோடு போகும். நிறைந்ததைப் பார்த்துவிட்டு முழுவதையும் பார்த்ததாகச் சொல்லிவிட்டாள்.

“நீ பாத்தது சரிதான?” என்றான் அக்பர் அலி. “விடேன்.”

“பாத்த வரைக்கும் சரி.”

அன்று சாயங்காலம் கோவிந்தராசு வீட்டுக்குப் போனாள். அவர் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கலியமூர்த்தி இல்லாமல் தானே ஓட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. ஆயம்மா வேறு, ஏறும்போதெல்லாம் கலியமூர்த்தி எங்கே என்று கேட்கிறாளாம். இந்த வெள்ளிக்கிழமை டாங்க்கை நிரப்ப வேண்டாம் என்று பரீதா சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ரொப்பாம எப்பிடிம்மா? அன்னிக்கு நீதான நல்லாருக்குன்னு சொன்ன?”

“மேல நல்லாருக்குன்னு சொல்லிருக்கணும். கீழ நான் பாக்கல. டாங்க் காலியாவற வரைக்கும் முள்ளு கூடவே இருந்து பாக்கணும். கலியமூர்த்தி அண்ணனே ஓட்டட்டும். நீங்களும் வாங்க.”

யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. “சரி. அவன் வாயையும் அடைச்ச மாதிரி இருக்கும்” என்றார்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். கலியமூர்த்தி ஸ்டியரிங்கில். பரீதா அவன் பக்கத்தில், முள் தெரிகிற மாதிரி. கோவிந்தராசு பின்னால், நோயாளிகள் சாய்கிற இடத்தில். நின்றால் ஊற்றிக்கொள்ள ஒரு கேனில் பெட்ரோல் எடுத்துக்கொள்ளலாம் என்று கோவிந்தராசு சொன்னபோது கலியமூர்த்தி இன்ஜினை அணைத்தான்.

“கேன் வேணாம். கேனோட நான் இந்த வண்டிய ஓட்ட மாட்டேன்.”

கேன் இறங்கியது. இடுப்பு வலியோடு கோவிந்தராசு ஓட்டிய அந்த வாரம் நடைகள் குறைவு; முள் இன்னும் கால் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

எங்கேயும் போவதற்கில்லாத பயணம். இந்திரா காந்தி சிலையைச் சுற்றினார்கள். நெல்லித்தோப்பில் கூட்டம். ஒரு ஆள் கையைக் காட்டி, கோரிமேடு போகுமா என்று கேட்டான். கோவிந்தராசு வழக்கம்போலக் கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

“இது நிக்கிறதுக்காவ போவுதுப்பா” என்றான் கலியமூர்த்தி. “வேற வண்டியப் பாரு.”

அந்த ஆள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றது பின்கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

புஸ்ஸி வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. அதன் முடிவில் ஒரு துண்டு நீலம் இருந்தது. வேன் அதை நோக்கிப் போனது. நீலம் பெரிதாயிற்று. பிறகு திரும்பினார்கள். மஞ்சள் சுவர்கள், சாத்திய ஜன்னல்கள், ஒரு வாசலில் படுத்திருந்த நாய். முள் கோட்டைத் தொட்டது.

பெட்ரோல் முள் நகர்வதை யாரும் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது நிற்கும். அதனால் பரீதா கண்ணை மூடிக்கொண்டாள். வேன் குலுங்கியது. டாங்க்குக்குள் குளம் குறைந்துகொண்டிருந்தது. அஜந்தா சிக்னலில் திறந்தாள். முள் கோட்டின்மேல். முத்தியால்பேட்டையில் திறந்தாள். கோட்டின்மேல். கருவடிக்குப்பம் தாண்டி ஒரு பள்ளியின் சுவர், சுவரின் மேல் வரிசையாகப் பிள்ளைகளின் பைகள். கோட்டின்மேல். பின்னால் கோவிந்தராசு தூங்கிவிட்டிருந்தார். அவருடைய குறட்டையும் இன்ஜினும் ஒரே தாளத்தில் இருந்தன. லாஸ்பேட்டையில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு எங்கிருந்தோ காற்றில் வந்தது, பாதி வழியில் நின்றது, மறுபடி வந்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கோட்டின்மேல்.

மேட்டுப்பாளையத்துக்குள் நுழைந்தார்கள். அவள் வேலை பார்த்த கட்டடத்தைக் கடந்தார்கள். இப்போது அது ஏதோ கிடங்கு. வாசலில் லாரி நின்றது. சோதனை மேஜை இருந்த இடத்தில் மூட்டைகள் இருக்கலாம். அவள் கடைசியாகக் கண்ணை மூடினாள். மேஜை முழுக்க முட்கள் எழுந்தன. எல்லாம் திரும்பிப் படுத்துக்கொண்டன. ஒன்று மட்டும் கால் கோட்டில் நின்றது. பயமாக இல்லை. அது நிற்பதற்கு ஏதோ இருக்கிறது, ஏதோ ஒன்றின்மேல் அது நிற்கிறது என்று தோன்றியது.

இன்ஜின் இருமியது. வேன் முன்னும் பின்னும் இழுத்தது. கலியமூர்த்தி ஓரமாகத் திருப்பி உருள விட்டான். சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் போனார்கள். காகிதம் மிதப்பது போல இருந்தது. பிறகு நின்றது.

கோவிந்தராசு விழித்துக்கொண்டார். முன்னால் எட்டிப் பார்த்தார். முள் கால் கோட்டில் இருந்தது. கையை நீட்டிச் சாவியை அணைத்தார். முள் படுத்தது. திருப்பினார். முள் மெதுவாக எழுந்து அதே கோட்டில் நின்றது. மீண்டும் அணைத்தார், திருப்பினார். விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

“பிளக் போயிருக்கும்” என்றார்.

“பெட்ரோல் வாங்கிட்டு வாங்கண்ணே” என்றாள் பரீதா. “ஊத்துனா தெரிஞ்சிரும்.”

அவர் பழக்கத்தில் கலியமூர்த்தியைப் பார்த்தார். கலியமூர்த்தியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. பிறகு பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, ரோட்டின் ஓரமாக நடக்கத் தொடங்கினார். கண்ணாடியில் அவர் சிறிதாகிக்கொண்டே போனார். கானல் அவர் கால்களை அழித்தது. பிறகு வேட்டி மட்டும் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் திரும்பி மறைந்தது.

இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு பட்டறையில் இரும்பை அறுத்தார்கள்.

“இது பொய் சொல்லுமா?” என்று கேட்டான் கலியமூர்த்தி.

“இல்லண்ணே. மிதவை எங்க இருக்கோ அதத்தான் சொல்லும். பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு அதுக்குத் தெரியாது.”

அவன் அதை மனதுக்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தவன் போலத் தலையை ஆட்டினான்.

கோவிந்தராசு வரும்போது கையில் ஒரு தகர டின் இருந்தது. முதல் பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு பெயின்ட் கடையில் கெஞ்சி டின் வாங்கி, அடுத்த பங்க்குக்கு நடந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தானே ஊற்றினார். கலியமூர்த்தி சாவியைத் திருப்பினான். இன்ஜின் கொஞ்சம் தயங்கிப் பிறகு பிடித்துக்கொண்டது.

பிளக்கில் ஒன்றுமில்லை. பெட்ரோல்தான் இல்லாமல் இருந்தது. முள், ஊற்றுவதற்கு முன்னும் ஊற்றிய பிறகும், அதே கால் கோட்டில்.

கோவிந்தராசு முள்ளையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பரீதா இறங்கினாள். முக்காட்டை இழுத்துச் செருகி, அக்பர் அலி கொடுத்தனுப்பியிருந்த ரெக்சின் துண்டை ரோட்டில் விரித்து, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு. கடல் காற்றுக்கு இரும்பு அரிக்கும் என்று இந்த ஊர்க்காரர்கள் மழை முடிந்ததும் வண்டியின் அடியில் அடிக்கிற பூச்சு. கறுப்புக்குள் எதுவும் தெரியவில்லை. கையால் தடவினாள். டாங்க்கின் வயிறு சமமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு, மிதவை இருக்கும் பக்கத்தில், உள்ளங்கை உள்ளே போயிற்று. முழுதாகப் போயிற்று. பள்ளத்தின் நடுவில் வட்டமான ஒரு தடம்.

வெளியே பள்ளம் என்றால் உள்ளே மேடு. குளத்தின் அடியில் ஒரு குன்று. தண்ணீர் இறங்க இறங்க மிதவை இறங்கி வந்து அந்தக் குன்றின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. குளம் வற்றிப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும். வட்டத் தடத்தில் விரலை வைத்தபடி அவள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். மேலே இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

“அண்ணே, இங்க வந்து தொட்டுப் பாருங்க.”

கோவிந்தராசு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அவள் அவர் கையை எடுத்துப் பள்ளத்தில் வைத்தாள். அவர் விரல்கள் வட்டத்தைச் சுற்றி வந்தன. நின்றன.

“ஜாக்கி” என்றார்.

வெளியே வந்து ரோட்டில் உட்கார்ந்தபடி சொன்னார். போன மழையில், ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது டயர் பஞ்சர். கலியமூர்த்தி அன்று லீவு. முழங்கால்வரை தண்ணீர். அடியில் எதுவும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஜாக்கியை வைத்துத் தூக்கினார். ஏதோ மடங்குகிற சத்தம் கேட்டது. எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மழை விட்டதும் பூச்சு அடித்தாகிவிட்டது. “அப்பறம் டாங்க் கொஞ்சம் சீக்கிரமாவே ரொம்புச்சு. நம்ப வண்டி நல்லா மைலேஜ் குடுக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன்.” சிரிக்க முயன்றார். வரவில்லை.

டாங்க்கைக் கழற்றிக் கழுவி, டிங்கர் கடையில் பள்ளத்தை எடுத்தால் முள் சரியாகிவிடும் என்று பரீதா சொன்னாள். மீட்டரைத் தொட வேண்டியதில்லை. கோவிந்தராசு வேகமாகத் தலையாட்டினார். இப்போதே டிங்கர் கடைக்குப் போய்விடலாம் என்றார். திங்கட்கிழமையிலிருந்து கலியமூர்த்தி வழக்கம்போல வரட்டும் என்றார்.

கலியமூர்த்தி ஸ்டியரிங்கைவிட்டு இறங்கவில்லை.

“டீக்கடையில சொன்னீங்க” என்றான்.

“அதான் தெரிஞ்சிபோச்சே கலியமூர்த்தி.”

“எனக்கு முன்னயே தெரியும். அவங்களுக்குத் தெரியாது.”

கோவிந்தராசு பரீதாவைப் பார்த்தார். அவள் ரெக்சின் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, கதவைத் திறந்து, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோரிமேட்டுக்கு டின் பெட்ரோல் தாராளம். மத்தியான வெயில் வெளுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. டீக்கடையில் கூட்டம்: சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பவர்கள், மருந்துப் பைகளோடு உட்கார்ந்திருப்பவர்கள். மருந்து வாங்க வந்திருந்த ஆயம்மாவின் மகள் அமுதவல்லியும் இருந்தாள். வேன் ஓரமாக நின்றது. பரீதா இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தராசு கடைக்கு முன்னால் போய் நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். பெட்ரோல் எங்கேயும் போகவில்லை என்றார். டாங்க் அடி வாங்கியிருக்கிறது, அதனால் முள் ஏமாற்றிவிட்டது என்றார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. கன்னியப்பன் பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

“அப்ப களவாணி ஆரு? டாங்க்கா?”

யாரோ சிரித்தார்கள்.

“ஜாக்கிய டாங்க்குல வச்சவன்” என்றார் கோவிந்தராசு.

“அது ஆரு?”

கோவிந்தராசு வேனைத் திரும்பிப் பார்த்தார். கலியமூர்த்தி இறங்கிக் கதவில் சாய்ந்து நின்றான். அவர் தன் பக்கம் பார்ப்பதைப் பார்த்தும் அவன் முகம் மாறவில்லை.

“நான்தான்யா. கலியமூர்த்தி மேல ஒண்ணும் இல்ல. நான் சொன்னது தப்பு.”

சிரிப்பு நின்றது. அமுதவல்லி வேனைப் பார்த்தாள், திங்கட்கிழமை நீங்கள்தானே வருவீர்கள் என்று கலியமூர்த்தியிடம் கேட்டாள். டாங்க் சரியானால் வருவேன் என்றான் அவன். கோவிந்தராசு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னியப்பன் குவளையை எடுத்தான். உயரத் தூக்கினான். டீ ஒரு கயிறாக இறங்கி, ஏறி, இறங்கியது. கிளாஸில் ஊற்றி, கூட்டத்தைத் தாண்டி நடந்து வந்து வேன் பக்கத்தில் நின்றான். கலியமூர்த்தி எதுவும் கேட்டிருக்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

பரீதா முன்னால் திரும்பினாள். சாவி போட்டபடியே இருந்தது. முள் கால் கோட்டில், தன் குன்றின்மேல், நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டிச் சாவியை அணைத்தாள். முள் அவசரமில்லாமல் இறங்கி வந்து படுத்துக்கொண்டது.